கூட வரும் வீரர்கள்: எத்தனை வகை, என்ன பயன்? (ஹேலோ, ஹாஃப் லைஃப், ரிபப்ளிக் கமாண்டோ)

#1 நீலவால்

அறிவியல் புனைவு ஷூட்டர்களில் நம் பக்கம் நின்று சுடும் ஏஐ (கணினியே இயக்கும்) வீரர்களைப் பற்றிய இழை இது. பேச்சு வந்தாலே முதல் கேள்வி "எத்தனை வகை இருக்கு?" என்பதுதான். மெடிக் உண்டா, ஸ்னைப்பர் உண்டா, இன்ஜினியர் உண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு தப்பு என்பது என் கருத்து. வகையைப் பயன்படுத்த நம் கையில் என்ன கட்டளை இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று கேம்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஆப்போசிங் ஃபோர்ஸ் (1999, முதல் ஹாஃப் லைஃபின் விரிவாக்கம்): மூன்று வகை வீரர்கள். துப்பாக்கி வீரர், மெடிக், வெல்டிங் டார்ச் வைத்திருக்கும் இன்ஜினியர். ஆனால் நாம் சொல்ல முடிந்தது "வா", "நில்" இரண்டே.

ரிபப்ளிக் கமாண்டோ (2005, ஸ்டார் வார்ஸ் கேம்): மூன்று கூட்டாளிகள். பேச்சிலும் கவச நிறத்திலும் வேறு வேறு ஆட்கள், செய்யும் வேலையில் கிட்டத்தட்ட ஒரே ஆள். ஆனால் யார் எங்கே நின்று என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே பொத்தானில் சொல்லிவிடலாம்.

ஹேலோ 2 (2004), ஹேலோ 3 (2007): மரீன்கள் (நம் பக்க மனிதப் படைவீரர்கள்) எல்லோரும் ஏறக்குறைய ஒரே வகை. கட்டளையே கிடையாது. ஆனால் நம் கையில் இருக்கும் ஆயுதத்தை அவரிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ளலாம். அதாவது வகையை நாமே உண்டாக்குகிறோம்.

என் வரிசையில் ஹேலோதான் முதலிடம், ஆப்போசிங் ஃபோர்ஸ் கடைசி. மறுப்பு இருந்தால் விவரத்தோடு எழுதுங்கள்.

#2 தகரடப்பா

வழிமொழிகிறேன். புதிதாக ஆடுகிறவர்கள் பலருக்கு இந்த ஆயுத மாற்றம் இருப்பதே தெரியாது, அதனால் செய்முறையை எழுதிவிடுகிறேன்.

மரீனுக்குப் பக்கத்தில் போய் நின்றால் திரையில் மாற்றிக்கொள்ளும் அறிவிப்பு வரும். ஆயுதம் எடுக்கும் அதே பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹேலோ 2ல் எக்ஸ், எக்ஸ்பாக்ஸ் 360ல் வந்த ஹேலோ 3ல் ஆர்பி. 2001ல் வந்த முதல் ஹேலோவில் இந்த வசதி இல்லை. அங்கே தேடிச் சலிக்க வேண்டாம்.

இதன் உயிர்நாடி ஒன்றே ஒன்று: ஏஐ வீரர்களுக்குக் குண்டு தீர்வதில்லை. உங்களிடம் ராக்கெட் லாஞ்சரில் ஒரே ஒரு ராக்கெட் மிச்சம் என்றால் உங்கள் கையில் அது ஒரு தடவை வெடிக்கும். மரீன் கையில் அவர் உயிரோடு இருக்கும்வரை வெடிக்கும். ஸ்னைப்பர் ரைஃபிளுக்கும், எதிரிகளான கவனன்ட் ஏலியன்களின் வெடிக்கும் ஃப்யூயல் ராட் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். ஆகவே கனரக ஆயுதத்தில் குண்டு முக்கால்வாசி தீர்ந்ததும் கீழே போடாதீர்கள். அப்போதுதான் அதை மரீனிடம் கொடுக்க வேண்டும்.

எதை யாரிடம் கொடுப்பது:

ஸ்னைப்பர் ரைஃபிள்: நடந்து வரும் மரீனுக்கு மிகவும் பொருத்தம். தூரத்திலிருந்து சுடுவார், பக்கத்தில் இருக்கும் நமக்கு ஆபத்தில்லை.

ராக்கெட், ஃப்யூயல் ராட்: வண்டியில் உட்காரும் மரீனுக்கு மட்டும். நடந்து வருகிறவரிடம் கொடுத்தால் நம் தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டடி தூரத்து கிரன்ட் (குட்டை ஏலியன் எதிரி) மேல் ராக்கெட் விடுவார். லெஜண்டரியில் (மிகக் கடினமான நிலை) அதோடு நம் கதை முடிந்தது.

#3 கணியன்

ஹேலோவின் வார்ட்ஹாக் ஜீப்பில் ராக்கெட் மரீனை ஏற்றினால் அவர் நேராகப் பின்னால் போய் இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்கிறார். கொடுத்த ராக்கெட் முதுகிலேயே கிடக்கிறது. இதற்கு வழி?

#4 தகரடப்பா

@கணியன், வரிசையை மாற்றுங்கள். வார்ட்ஹாக்கில் மொத்தம் மூன்று இடம்: ஓட்டுநர், வலப்பக்க இருக்கை, பின்னால் துப்பாக்கி. முதலில் சாதாரண மரீன் ஒருவர் பின்னால் ஏறும்வரை ஓட்டுநர் இருக்கையில் காத்திருங்கள். அவர் ஏறியதும் இறங்கி, தரையில் நிற்கும் இன்னொருவரிடம் ராக்கெட்டைக் கொடுத்துவிட்டு உடனே மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். அவருக்கு மிச்சமிருப்பது பக்கத்து இருக்கைதான்.

ஓட்டும்போது இன்னொன்று. பக்கத்து இருக்கை வலப்பக்கம் இருக்கிறது. எதிரி எப்போதும் உங்களுக்கு வலது கையில் இருக்க வேண்டும், அதாவது எதிரியைக் கடிகார முள் சுற்றும் திசையில் வட்டமிட வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் ராக்கெட் உங்கள் முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வட்டம் பெரிதாக இருக்கட்டும். எதிரியை இடிக்கிற தூரத்துக்குப் போனால் ராக்கெட்டின் வெடிப்பே வண்டியைக் கவிழ்த்துவிடும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் பலர் "மரீன் ஏஐ மட்டம்" என்கிறார்கள். பாதித் தவறு ஸ்டீயரிங்கில் இருக்கிறது.

#5 முகிலினி

நீலவால், ஆப்போசிங் ஃபோர்ஸைக் கடைசியில் தள்ளியதை ஏற்க முடியவில்லை.

அந்த கேமில் மெடிக்கும் இன்ஜினியரும் நம்மால் செய்யவே முடியாத வேலையைச் செய்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் இரும்புக் கதவை இன்ஜினியர் அறுத்தால்தான் வழி. மெடிக் ஊசி போட்டால்தான் சுவரில் மருத்துவப் பெட்டி இல்லாத இடத்தில் உடல்நலம் ஏறும். காயம்பட்ட மற்ற வீரர்களையும் அவர் கவனிப்பார். ஹேலோ மரீன் ராக்கெட் விடுகிறார், சரி. அதே ராக்கெட்டை நாமும் விடலாம். ஒருவர் இல்லாமல் போனால் நமக்கு எது நின்றுபோகிறது என்று கேளுங்கள். அந்த அளவுகோலில் அந்த இன்ஜினியர்தான் முதலிடம்.

கட்டளை இரண்டுதான் என்பதும் குறையில்லை. அந்த இரண்டை வைத்து ஒழுங்காக ஆட முடியும். துப்பாக்கி வீரர்களை மட்டும் "வா" என்று கூட்டிப்போய் அறையைக் காலி செய்யுங்கள். மெடிக்கையும் இன்ஜினியரையும் மூலைக்கு இந்தப் பக்கம் "நில்" என்று விட்டுவிடுங்கள். எல்லாம் அடங்கிய பிறகு திரும்பிப் போய் அழைத்து வாருங்கள். கூட்டமாக அழைத்துப்போனால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே: இன்ஜினியர் தன் கைத்துப்பாக்கியோடு முன்னால் பாய்வார், ஏலியன் மின்னலில் விழுவார், கதவு பூட்டியபடியே நிற்கும்.

#6 நீலவால்

முகிலினி, நீங்கள் எழுதியதிலேயே என் வாதம் இருக்கிறது. இன்ஜினியரைப் பயன்படுத்தச் சிறந்த வழி அவரைச் சண்டைக்கு வெளியே நிறுத்துவது என்கிறீர்கள். அப்படியானால் அவர் வீரர் அல்ல, நடந்து வரும் சாவி. கதவு இருக்கும் இடத்தில் மட்டுமே அவருக்கு வேலை. அவர் இறந்தால் ஆட்டத்தை முன்னால் சேமித்த இடத்திலிருந்து ஏற்ற வேண்டும், வேறு மாற்று இல்லை. ஒரு வீரரின் பயன் சண்டையின் நடுவில் தெரிய வேண்டும்.

மெடிக் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் வருகிறேன். அவரை எப்போது அழைப்பது என்பது நாம் எடுக்கும் முடிவு. அது உண்மையான பயன்.

#7 இரவாடி

ரிபப்ளிக் கமாண்டோவை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். கட்டளைதான் அளவுகோல் என்றால் முதலிடம் அதற்கே போக வேண்டும், நீலவால்.

டெல்டா ஸ்குவாட்: 38 (பாஸ், நாம்தான்), 62 (ஸ்கார்ச், மஞ்சள்), 07 (செவ், சிவப்பு), 40 (ஃபிக்ஸர், பச்சை). கதைப்படி ஸ்கார்ச் வெடிமருந்து நிபுணர், செவ் ஸ்னைப்பர், ஃபிக்ஸர் கணினிப் பூட்டு உடைப்பவர். ஆட்டத்தில் யாரை வேண்டுமானாலும் எந்த வேலைக்கும் அனுப்பலாம். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது அந்த கேமின் மிகச் சரியான முடிவாகத் தெரிகிறது. நிபுணர் மட்டுமே அந்த வேலையைச் செய்ய முடியும் என்று வைத்திருந்தால், அவர் விழுந்து கிடக்கும் நேரத்தில் நமக்கு அந்த வேலையே இல்லாமல் போகும். முகிலினியின் இன்ஜினியருக்கு வந்த அதே நோய்.

இயக்கும் முறை: தடுப்புச்சுவர், கணினி முனையம், கதவு போன்றவற்றின் மேல் குறியை வைத்தால் அங்கே ஒரு வீரரின் ஒளியுருவம் தெரியும். ஸ்னைப்பர் நிலையா, கவச எதிர்ப்பு நிலையா, கிரனேட் நிலையா, கதவை உடைத்து நுழையும் நிலையா என்று அந்த உருவமே சொல்லிவிடும். பொத்தானை ஒரு தடவை தட்டினால் ஒருவர் போய் நிற்பார். இதுபோக முழு ஸ்குவாடுக்கும் பொதுவாக நான்கு கட்டளைகள்: என்னோடு வா, தேடி அழி, இந்த இடத்தைக் காத்துக்கொள், கொடுத்த வேலையை விடு.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, கண்ணில் பட்ட நிலைகளில் எல்லாம் மூன்று பேரையும் நிரப்பிவிடுவது. நாம் விழுந்தால் "என்னை எழுப்பு" என்று கட்டளை கொடுக்கலாம், ஆட்டம் முடிந்துவிடாது. ஆனால் ஒருவர் முனையத்தில் பூட்டை உடைத்துக்கொண்டு, ஒருவர் வெடி வைத்துக்கொண்டு, ஒருவர் தூரத்து ஸ்னைப்பர் மாடத்தில் இருந்தால், எழுப்ப வருகிறவர் திறந்த வெளியைக் கடந்துதான் வர வேண்டும். வழியிலேயே விழுவார். அடுத்தவர் அவரை எழுப்பப் போய் அவரும் விழுவார். நான்கு பேரும் விழுந்தால்தான் தோல்வி. அந்தத் தோல்வி பெரும்பாலும் இந்தச் சங்கிலியில்தான் வருகிறது. எப்போதும் ஒருவரை வேலை எதுவும் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிராய்டு டிஸ்பென்சர் (எதிரி ரோபோக்களை வெளியே விடும் இயந்திரம்) வரும் அறைகளில் இது இன்னும் முக்கியம். அதன்மேல் வெடி வைக்கும்வரை டிராய்டுகள் வந்துகொண்டே இருக்கும், சுட்டுத் தீர்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஒருவரை வெடி வைக்க அனுப்பிவிட்டு, மற்ற இருவரோடு நாம் அவரைச் சுற்றி நின்று மறைப்புக் கொடுக்க வேண்டும். வெடி வைக்கிறவர் அந்நேரம் திருப்பிச் சுட மாட்டார். சண்டை ஓய்ந்ததும் சுவரில் பாக்டா நிலையம் (உடல்நலம் ஏற்றும் இடம்) இருந்தால், நமக்கு நிரப்பிக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடாமல் மற்றவர்களையும் அங்கே அனுப்ப வேண்டும். அதையும் கட்டளையாகவே கொடுக்கலாம்.

#8 வெண்பா

வேலையை மட்டும் வைத்தே எல்லோரும் பேசுகிறீர்கள். தோற்றமும் குரலும் வேறுபடுவதற்கு ஆட்டத்திலேயே பயன் உண்டு, வெறும் அலங்காரம் இல்லை.

ஹேலோவின் மரீன்களில் சிப்ஸ் டப்போ என்று ஒருவர், ஆஸ்திரேலிய உச்சரிப்பு. 2001 கேமிலிருந்து அடுத்தடுத்த பாகங்களிலும் வருகிறார். அந்தக் குரல் பக்கவாட்டிலிருந்து கேட்டால், திரும்பிப் பார்க்காமலே "அங்கே நம் ஆள் நிற்கிறார்" என்று தெரியும். எல்லோருக்கும் ஒரே குரல் என்றால் எத்தனை பேர் மிச்சம், எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது காதுக்குத் தெரியாது. ஹேலோ 3ல் பெண் மரீன்களும் வந்த பிறகு ஒரு ஸ்குவாடுக்குள்ளேயே குரல்களைப் பிரித்தறிவது இன்னும் சுலபமானது. ஸ்கார்ச், செவ், ஃபிக்ஸர் மூவருக்கும் வேறு வேறு குரல் இருப்பதும் இதற்குத்தான் உதவுகிறது. "விழுந்துட்டேன்" என்று கத்தியது யார் என்று உடனே புரிய வேண்டும்.

ஹாஃப் லைஃப் 2ல் மெடிக்கின் கையில் சிலுவைக் குறி போட்ட பட்டை. கீழே ஸ்குவாட் படங்களிலும் மெடிக்குக்குத் தனிக்குறி. அந்தப் பட்டை இல்லாவிட்டால் மெடிக் இருந்தும் இல்லாத கணக்கு.

#9 முகிலினி

வெண்பா ஹாஃப் லைஃப் 2ஐ எடுத்ததால் அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். நீலவாலின் வாதத்துக்கு வலுவான சான்று உண்மையில் இதுதான், அவர் கவனிக்கவில்லை.

ஆன்டிசிட்டிசன் ஒன், ஃபாலோ ஃப்ரீமேன் அத்தியாயங்களில் கிளர்ச்சியாளர்கள் அதிகபட்சம் 4 பேர் நம்மோடு சேர்வார்கள். ஒருவர் விழுந்தால் வழியில் இருக்கும் அடுத்தவர் தானாகச் சேர்ந்துகொள்வார். சி விசையைத் தட்டினால் நாம் பார்க்கும் இடத்துக்குப் போவார்கள், இரண்டு முறை தட்டினால் திரும்பி வருவார்கள். மெடிக் நம் உடல்நலம் குறைந்தால் ஏற்றிவிடுவார்.

கோளாறு எங்கே? சி எல்லோருக்கும் பொதுவானது. மெடிக்கை மட்டும் பின்னால் நிறுத்த முடியாது. தெருவைத் தாண்ட நான்கு பேரை அனுப்பினால் மெடிக்கும் சேர்ந்தே ஓடுவார். வகை இருக்கிறது, வகைக்கு ஏற்ற கட்டளை இல்லை. ஆப்போசிங் ஃபோர்ஸில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்தலாம்; 5 ஆண்டு கழித்து வந்த கேமில் அது போய்விட்டது.

குறுகலான வழி இன்னொரு தொல்லை. படிக்கட்டிலும் கதவிலும் நாம் பின்வாங்கும்போது நான்கு பேரும் வழியை அடைத்து நிற்பார்கள். அவர்கள் விலகுவார்கள், ஆனால் கையெறி குண்டு காலடியில் கிடக்கும்போது அந்த ஒரு நொடி தாமதம் போதும். அதனால் கட்டடத்துக்குள் நுழையும் முன்னரே சி தட்டி அவர்களை வெளியில் ஒரு மறைவுக்கு அனுப்பிவிட்டு, தனியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிடுங்கள். ஸ்னைப்பர்கள் குறிவைத்திருக்கும் தெருவிலும் இதையே செய்யுங்கள். அங்கே ஸ்குவாடால் ஒரு உபயோகமும் இல்லை. ஜன்னலுக்குள் நாமே கிரனேட் போட்டால்தான் தீரும்.

அதே கேமில் ஆன்ட்லயன்களை, அதாவது மண்ணுக்கடியிலிருந்து வரும் ராட்சதப் பூச்சிகளைப் பாருங்கள். சாண்ட்ட்ராப்ஸ் அத்தியாய முடிவில் பெரோபாட் (அவற்றை ஏவும் வாசனை உருண்டை) கைக்கு வந்ததும் அவை நம் பக்கம் வருகின்றன. ஒரே வகை, பேச்சில்லை, முகமில்லை. எறிந்தால் விழுந்த இடத்தைத் தாக்கும், பிசைந்தால் நம்மிடம் வரும். செத்தால் மண்ணிலிருந்து புதியவை. அடுத்து வரும் நோவா பிராஸ்பெக்ட் சிறையில் இயந்திரத் துப்பாக்கி மேடைகளை நாம் நேரே தாக்கத் தேவையே இல்லை. மேடைமேல் ஒன்றை எறிந்துவிட்டு மறைவில் நின்றால், துப்பாக்கி ஆன்ட்லயன்கள் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் நாம் பக்கவாட்டில் ஏறிவிடலாம். தம்ப்பர் (தரையை இடித்து அவற்றை விரட்டும் இயந்திரம்) ஓடும் இடத்துக்குள் மட்டும் அவை வராது, அதை முதலில் நாம் போய் நிறுத்த வேண்டும். முழு கேமிலும் மிகப் பயனுள்ள கூட்டாளிகள் இந்தப் பூச்சிகள்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

#10 நீலவால்

ஆன்ட்லயன் உதாரணத்துக்கு நன்றி. இழந்தால் வலிக்காத கூட்டாளி, இழந்தால் வலிக்கும் கூட்டாளி என்று பிரிக்க வேண்டும் என்பதை அதுதான் காட்டுகிறது. ஆன்ட்லயனைத் தாராளமாகச் செலவழிக்கலாம். மெடிக்கை முடியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி "அங்கே போ" கட்டளை வைத்தால் ஒன்றில் சரியாக வரும், மற்றதில் சரியாக வராது.

#11 கணியன்

சாகாத கூட்டாளி மூன்றாவது வகையா? ஹேலோ 3ல் நம்மோடு வரும் ஏலியன் வீரர் ஆர்பிட்டர், ஹேலோ ரீச்சில் நம் அணியான நோபிள் டீம்?

#12 தகரடப்பா

ஆம், ஆனால் பயன்படுத்தும் விதம் வேறு. ஆர்பிட்டர் விழுவார், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார். ரீச் (2010) கேமில் நோபிள் டீம் கதை சொல்லும் இடத்தில்தான் சாவார்கள், நடுவில் இல்லை. இவர்கள் எதிரியைக் கொன்று தீர்ப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எதிரியின் பார்வையை இழுப்பதற்கே அவர்கள். ஆர்பிட்டர் ஒரு புரூட்டோடு (முரட்டு ஏலியன் எதிரி) மோதிக்கொண்டிருக்கும்போது நாம் பின்னால் வளைந்து போகலாம். அவர் நின்ற இடத்திலேயே நாமும் நின்று சுட்டால் அந்தப் பயன் வீணாகிறது.

ரீச்சில் சாதாரண ராணுவ வீரர்கள் பக்கத்தில் போனாலே நம் ஃபயர்டீமில் சேர்ந்துகொள்வார்கள், திரையில் அடையாளமும் வரும். அவர்கள் சாவார்கள். ஆகவே சாகாதவரை முன்னால் விட்டு, சாகிறவர்களை மறைவோடு ஒட்டி நடத்த வேண்டும். நாம் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் அவர்கள் நிற்பார்கள், அதனால் நாம் திறந்த வெளியில் ஓடாமல் இருப்பதே அவர்களுக்கு நாம் கொடுக்கும் கட்டளை.

ஹேலோ 2ல் நாமே ஆர்பிட்டராக ஆடும் லெவல்களையும் மறக்கக் கூடாது. அங்கே நம் பக்கம் ஏலியன்கள்: எலைட்டுகள் (ஆர்பிட்டரின் இனம்), கிரன்ட்கள், கடைசி லெவலில் கனரக ஹன்டர்களும் உண்டு. எலைட்டுகளுக்கு ஷீல்டு, அது தானாக மீளும். மரீன் குண்டு பட்டால் பட்டதுதான்; எலைட்டுக்கு ஓய்வு கொடுத்தால் மறுபடி முழு பலத்தோடு வருவார். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் நம் ஷீல்டு ஏறியதும் ஓடாமல், அவர்களுக்கும் ஏறட்டும் என்று நிற்பது பெரிய வித்தியாசம் தரும். ஹன்டர் இருந்தால் அவரை முந்தாதீர்கள். அவருடைய பச்சைக் கதிர் பாதையில் நாம் நின்றால் நமக்கும் சேர்த்துத்தான்.

#13 வெண்பா

வகை தோற்றுப்போன ஒரு இடத்தையும் பதிவு செய்யலாம்: மாஸ் எஃபெக்ட் 2 (2010). ஆள் எண்ணிக்கையில் மிகப் பணக்கார கேம். ஆனால் உயர்ந்த கடினத்தில் எல்லா எதிரிக்கும் ஷீல்டு, கவசம், பேரியர் என்று ஏதோ ஒரு பாதுகாப்பு உண்டு. ஷீல்டை உடைக்க ஓவர்லோடு என்ற திறன், கவசத்துக்கும் பேரியருக்கும் வார்ப் என்ற திறன். மிராண்டா என்ற கூட்டாளியிடம் இரண்டும் இருக்கின்றன. அப்புறம் வேறு யாரை எதற்கு அழைக்க வேண்டும்? இன்னொரு கூட்டாளி காரஸிடம் ஓவர்லோடு மட்டும், மற்றொருவர் மோர்டினிடம் கவசத்தை எரிக்கும் இன்சினரேட். அந்த இரண்டு பேரையும் சேர்த்து அழைத்தால் கிடைப்பது மிராண்டா ஒருவரிடமே கிடைத்துவிடுகிறது. ஒருவருக்கு மட்டும் இரண்டு சாவியையும் கொடுத்தது வடிவமைப்பின் பிழை. கதாபாத்திரங்களை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அணி தேர்வுத் திரையில் விரல் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

#14 இரவாடி

சரியான உதாரணம். குவேக் 4 (2005) கேமில் மெடிக் உடல்நலத்தையும், டெக்னீஷியன் கவசத்தையும் ஏற்றுவார்கள். பணி தனித்தனி, ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. ஆனால் அவர்கள் எப்போது நம்மோடு வருவார்கள், எப்போது பிரிவார்கள் என்பதைக் கதை முடிவு செய்கிறது. நம் தேர்வு எதுவும் இல்லை.

#15 தகரடப்பா

நீலவால் பட்டியலில் ஹேலோ இன்ஃபினிட் (2021) விட்டுப்போயிற்று. ஆயுத மாற்றத்தை முழுமையாகப் பயன்படுத்த முடிவது அங்கேதான். பிடிபட்ட மரீன்களை மீட்டு, தளங்களைக் கைப்பற்றி வேலர் (இவற்றுக்குக் கிடைக்கும் புள்ளி) சேர்த்தால், தளத்தில் நிற்கும் மரீன்கள் நல்ல ஆயுதத்தோடே வரத் தொடங்குவார்கள். ரேஸர்பேக் வண்டியை வரவழைத்து, பின்னால் ஏறப்போகிற ஒவ்வொருவருக்கும் ஆயுதம் கொடுத்துவிட்டால் அது ஓடும் கோட்டை.

எல்லோருக்கும் ராக்கெட் என்பது தவறு. வண்டி ஒரு மரத்தையோ பாறையையோ ஒட்டிப் போகும்போது ஒருவர் சுட்டாலே எல்லோரும் காலி. ஒருவருக்கு மட்டும் ராக்கெட், மற்றவர்களுக்கு ஸ்னைப்பரும் சென்டினல் பீம் என்ற கதிர் ஆயுதமும். பீம் நம் கையில் சார்ஜ் தீர்ந்ததும் வீண், அவர்களுக்குத் தீராது, வெடிப்பும் கிடையாது. தாக்கும்போது தூரத்தில் வண்டியைப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். எதிரிக்கு நேராக மூக்கை நீட்டி நிறுத்தினால் பின்னால் இருப்பவர்களுக்குக் குறி கிடைக்காது.

#16 நீலவால்

முகிலினி, இரவாடி இருவரும் எழுதியதைப் படித்த பிறகு என் வரிசையை மாற்றுகிறேன். சண்டையின் நடுவில் முடிவெடுக்க விடுவதில் ரிபப்ளிக் கமாண்டோ முதலிடம். ஹேலோ இரண்டாவது, ஏனென்றால் ஆயுதம் கொடுத்த பிறகு மரீனை நம்மால் நிறுத்தவோ அனுப்பவோ முடியாது. ஆப்போசிங் ஃபோர்ஸ் மூன்றாவது, ஆனால் ஹாஃப் லைஃப் 2ன் கிளர்ச்சியாளர்களுக்கு மேலே. ஆன்ட்லயனை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

#17 கணியன்

ஒரு கடைசிச் சந்தேகம். ஹேலோ 3, தி ஸ்டார்ம் லெவலில் ஸ்கேரப் (கால்களால் நடக்கும் ராட்சத எதிரி இயந்திரம்) வரும் இடம். அங்கே மங்கூஸ் வண்டியும் ராக்கெட் மரீன்களும் இருக்கிறார்கள். லெஜண்டரியில் அவர்களை வைத்து முடிக்க முடியுமா?

#18 தகரடப்பா

கால்களை மடக்குவதுவரை அவர்கள், ஏறுவது நீங்கள். மங்கூஸில் இரண்டே இடம், எனவே ஒரே ஒரு ராக்கெட் மரீனைப் பின்னால் ஏற்றுங்கள். ஸ்கேரப்பின் முகத்துக்கு நேரே போகாமல் பக்கத்திலும் பின்னாலும் சுற்றுங்கள், முன்னால் இருப்பதுதான் பெரிய பீரங்கி. அதன் கீழே நுழைந்து ஓட்டாதீர்கள், கால் இறங்கினால் வண்டியோடு நசுங்குவீர்கள். சீரான வேகத்தில் சுற்றினால் மரீன் கால் மூட்டுகளில் ராக்கெட் விட்டுக்கொண்டே இருப்பார்.

அது தடுமாறி உட்கார்ந்ததும் வண்டியை விட்டுவிட்டு உடனே ஏறுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்துவிடும். மேலே இருக்கும் காவலர்களை எல்லாம் கொல்ல நினைக்க வேண்டாம். நேராகப் பின்பக்கம் போய் மூடியை உடைத்து, உள்ளே ஒளிரும் மையத்தைச் சுடுங்கள். மையம் உடைந்த பிறகு முழுதாக வெடிக்கச் சில நொடி ஆகும். மரீன் கீழே எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் குதியுங்கள். அவர் இன்னும் ராக்கெட் விட்டுக்கொண்டுதான் இருப்பார்.